நகராத இருக்கையும் சொல்லப்படாத செய்தியும்



பயன்படுத்திய காரில் பழுதாகிக் கிடக்கும் பவர் சீட்டைப் பற்றி இவ்வாரம் எழுதுகிறேன். இத்தகைய பொருளை எடுத்துக்கொள்ளும் போதகர்கள் இரண்டாம் பத்தியிலேயே அதை உவமையாக்கி வேறிடத்திற்குச் சென்றுவிடுவதுண்டு. நான் அவ்வாறு செய்யப்போவதில்லை. காரின் இருக்கை காரின் இருக்கையாகவே இருக்கட்டும். அதைப் பற்றிச் சொல்லவேண்டியதே போதுமான அளவு இருக்கிறது.

நம் சபைக் குடும்பங்கள் பலவும் இப்போது பழைய கார்களை வாங்குகின்றன. எட்டு, பத்து ஆண்டுகளுக்கு முன் செல்வந்தர் வீட்டு வாசலில் நின்ற பெரிய கார், இன்று புதிய சிறிய கார் ஒன்றின் விலைக்கே கிடைத்துவிடுகிறது. தோல் உறை போட்ட இருக்கை, அதன் பக்கவாட்டில் வரிசையாகப் பொத்தான்கள். வாங்கப் போகிறவர் என்ஜினின் சத்தத்தைக் கேட்கிறார், டயரைத் தொட்டுப் பார்க்கிறார், ஏசியைப் போட்டுப் பார்க்கிறார். இருக்கையின் பொத்தான்களை ஒவ்வொன்றாக இரு திசையிலும் அழுத்திப் பார்ப்பவர் மிகச் சிலரே. ஓட்டிப் பார்ப்பவர் பெரும்பாலும் குடும்பத் தலைவர். அவருடைய உயரமும் பழைய உரிமையாளரின் உயரமும் ஏறத்தாழ ஒன்றாயிருந்தால் இருக்கை நகரவில்லை என்பது அன்றைக்குத் தெரியவே தெரியாது. வீட்டிற்கு வந்தபின் மனைவியோ மகளோ அமர்ந்து, பிரேக்கை எட்ட முடியாமல் கால் நீட்டும்போதுதான் வெளிப்படுகிறது.

அதன்பின் நடப்பதும் எனக்குத் தெரியும். ஒரு வீட்டில் முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து ஓட்டத் தொடங்குகிறார்கள். இன்னொரு வீட்டில், “மோட்டார் போய்விட்டது, சீட்டையே மாற்றவேண்டும்” என்று பட்டறையில் சொன்னதைக் கேட்டு அவ்வாறே மாற்றிவிடுகிறார்கள். இவ்விரண்டும் தவறான வழிகள் என்பதே என் கருத்து.

தலையணையை முதலில் எடுத்துக்கொள்வோம். பவர் சீட் பணக்காரரின் வசதியாகவே உலகத்திற்குள் வந்தது. 1957இல் வெளிவந்த காடிலாக் எல்டொராடோ ப்ரூம் என்னும் அமெரிக்கச் சொகுசுக் காரில், ஓட்டுபவர் விரும்பும் நிலையை நினைவில் வைத்துக்கொள்ளும் இருக்கை இருந்தது. அந்தப் பழைய பெருமை காரணமாகவே, ‘அது வேலை செய்யாவிட்டால் என்ன, வண்டி ஓடுகிறதே’ என்று நாம் நினைக்கிறோம். ஆனால் சாதாரண இருக்கையில் நெம்புகோலைத் தூக்கித் தள்ளினால் நகர்ந்துவிடும். நின்றுபோன பவர் சீட்டோ முந்தைய உரிமையாளரின் உடல் அளவிலேயே உறைந்து நிற்கும். அவர் ஆறடி மனிதராயிருந்தால், ஐந்தடிப் பெண் அந்தக் காரை ஓட்டுகையில் பிரேக்கை முழுவதும் மிதிக்க இடுப்பை முன்னால் நகர்த்தவேண்டும். அவசரத்தில் அந்த ஒரு கணமும் கணக்கில் சேரும். முதுகுக்குப் பின் வைத்த தலையணை மோதலின்போது அமுங்கும். உடலுக்கும் சீட் பெல்ட்டுக்கும் இடையே தளர்ச்சி உண்டாகும். பெல்ட் இறுகப் பிடிக்கவேண்டிய நேரத்தில் உடல் முன்னே சென்றிருக்கும்.

மறுபக்கமும் உண்டு. குட்டையான ஒருவர் முன்னுக்கு இழுத்து வைத்த நிலையில் இருக்கை நின்றுவிட்டால், அடுத்தவர் ஸ்டியரிங்கோடு நெஞ்சு ஒட்டும்படி அமர்வார். ஸ்டியரிங்கின் நடுப்பகுதிக்கும் நெஞ்செலும்புக்கும் இடையே குறைந்தது 10 அங்குலம், அதாவது சுமார் 25 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும் என்று அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு அறிவுறுத்துகிறது. ஏர்பேக் விரியும் வேகம் அத்தகையது. நம் நாட்டில் 2019 ஜூலை 1 முதல் விற்கப்படும் புதிய கார்களில் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம்; அதற்கு முன் வந்த சொகுசுக் கார்களிலும் அது பெரும்பாலும் இருந்தது. ஆகவே பவர் சீட் பழுது என்பது பிரேக், பெல்ட், ஏர்பேக் ஆகிய மூன்றையும் தொடும் பழுது. சரிசெய்யும்வரை அந்த இருக்கை யாருடைய உடலுக்குப் பொருந்துகிறதோ அவர் மட்டும் ஓட்டட்டும்.

இனி, ‘சீட்டையே மாற்றவேண்டும்’ என்னும் தீர்ப்புக்கு வருவோம். தேடாமல் கொடுக்கப்படும் தீர்ப்பு அது. பவர் சீட் மர்மமான பொருளன்று. இருக்கைக்கு அடியில் சில சிறிய மோட்டார்கள் இருக்கின்றன: முன்பின் நகர்த்த ஒன்று, முன்பக்கத்தை உயர்த்த ஒன்று, பின்பக்கத்தை உயர்த்த ஒன்று, முதுகைச் சாய்க்க ஒன்று. எளிய அமைப்பில் பொத்தானின் வேலை, மோட்டாரின் இரு ஒயர்களில் எதற்கு மின்சாரம், எதற்கு எர்த் என்று மாற்றிக் கொடுப்பதுதான். திசை மாறினால் மோட்டார் எதிர்ப்புறம் சுழலும். மோட்டார் சுழல, கம்பியோ திருகுத் தண்டோ பற்சக்கரமோ அதை ரெயிலுக்குக் கடத்தும். இதைத் தெரிந்துகொண்டால், கருவி எதையும் தொடுமுன்னரே பழுதின் இருப்பிடத்தைப் பாதி ஊகித்துவிடலாம்.

பொத்தானை அழுத்திக்கொண்டு காதைக் கொடுத்துக் கேளுங்கள். மோட்டார் சுழலும் சத்தம் வருகிறது, இருக்கை நகரவில்லை என்றால் மின்சாரத்தில் குறையில்லை. கடத்தும் கம்பியோ பற்சக்கரமோ நழுவியிருக்கிறது. சத்தமே இல்லையென்றால், இரவில் உள்விளக்கைப் போட்டுவிட்டு மீண்டும் அழுத்திப் பாருங்கள். விளக்கு சற்று மங்கினால் மோட்டாருக்கு மின்சாரம் போகிறது, ஆனால் அது திரும்ப முடியாமல் இறுகி நிற்கிறது. விளக்கில் மாற்றமே இல்லையானால் மின்சாரம் வழியில் எங்கோ நின்றுவிட்டது என்று கொள்ளலாம். முன்னே நகர்கிறது, பின்னே நகரவில்லை என்றால் மோட்டாரைக் குறை சொல்லாதீர்கள். அது நலமாயிருக்கிறது, பொத்தானுக்குள் இருக்கும் தொடுமுனைதான் பெரும்பாலும் காரணம். ஒரு அசைவு மட்டும் இல்லை, மற்றவை உண்டு என்றால் அந்த மோட்டாரையும் அதன் ஒயரையும் பொத்தானின் அந்தப் பகுதியையும் பாருங்கள். எந்த அசைவுமே இல்லை என்றால் நான்கு மோட்டார்களும் ஒரே நாளில் சாகவில்லை. எல்லாவற்றுக்கும் பொதுவான ஃபியூஸ், எர்த், அடியிலுள்ள பெரிய கனெக்டர், நினைவு வசதியுள்ள கார்களானால் கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியவற்றுள் ஒன்றே காரணம். இதைச் சொல்லாமலேயே நான்கு மோட்டாரோடும் முழு இருக்கையை விற்க முன்வருகிறவரிடம் இரண்டாவது கேள்வி ஒன்றைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இதற்கெல்லாம் முன்னதாக டார்ச் ஒன்றை எடுத்துக்கொண்டு குனிந்து பாருங்கள். பேனா, நாணயம், தண்ணீர் பாட்டில், பிள்ளையின் பொம்மைக் கார், சார்ஜர் ஒயர் என்று எத்தனையோ ரெயிலில் சிக்கியிருக்கும். ஞாயிறு ஆராதனை முடிந்து சீட்டுக்கடியில் வழுக்கிப்போன பாட்டுப்புத்தகமும் அதில் அடங்கும் என்பதை நம் சபையார் கவனிக்கவேண்டும்.

அடுத்தது ஃபியூஸ். எந்த ஃபியூஸ் என்று காரின் கையேட்டிலோ பெட்டி மூடியின் உட்புறத்திலோ போட்டிருக்கும். பவர் சீட்டுக்கு 30 ஆம்பியர் ஃபியூஸ் பல கார்களில் வழக்கம்; சிலவற்றில் சூடானால் தானே அணைந்து, ஆறியபின் தானே சேரும் பிரேக்கர் இருக்கும். ஃபியூஸைப் பிடுங்காமலேயே அதன் தலையிலுள்ள இரு உலோகப் புள்ளிகளிலும் டெஸ்ட் லேம்ப்பை வைத்துப் பாருங்கள். இரண்டிலும் எரிந்தால் ஃபியூஸ் நன்று. ஒன்றில் மட்டும் எரிந்தால் அது போய்விட்டது. போனால் அதே அளவுதான் போடவேண்டும். 30க்குப் பதில் 40 போடுவதும், வெள்ளித்தாள் சுற்றிப் போடுவதும், செம்புக் கம்பி முறுக்கிப் போடுவதும் நம் ஊரில் திறமையாகக் கருதப்படுகின்றன. ஃபியூஸ் காப்பது மோட்டாரை அன்று, கம்பளத்துக்கடியில் ஓடும் ஒயரை. அது உருகவேண்டிய இடத்தில் உருகாவிட்டால், ஒயர் உங்கள் இருக்கைக்கு அடியில் உருகும். புதிய ஃபியூஸும் உடனே போனால் எங்கோ ஒயர் உரசி பாடியில் தொடுகிறது, அல்லது மோட்டார் இறுகியிருக்கிறது. மூன்றாவது ஃபியூஸ் வாங்கப் போகாதீர்கள்.

பிறகுதான் இருக்கையின் அடியிலுள்ள கனெக்டர்கள். இங்கே ஒரு எச்சரிக்கையை வலியுறுத்திச் சொல்கிறேன். மஞ்சள் நிறத்தில் இருப்பவை பக்கவாட்டு ஏர்பேக்குக்கும் பெல்ட்டை இறுக்கும் வெடிக்கருவிக்கும் உரியவை. அவற்றில் டெஸ்ட் லேம்ப்பையோ மல்டிமீட்டரையோ ஒருபோதும் வைக்கலாகாது. கழற்றவேண்டியிருந்தால் சாவியை அணைத்து, பாட்டரியின் நெகட்டிவ் முனையை எடுத்துவிட்டு, கையேடு சொல்லும் நேரம் காத்திருந்து கழற்றவேண்டும். இது தெரியாத ஆளிடம் இருக்கையைத் தூக்கும் வேலையை ஒப்படைக்காதீர்கள்.

மற்ற கனெக்டரில் பச்சை பூத்திருக்கிறதா, ஒயர் மடங்கும் இடத்தில் அறுந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இருக்கை ஒவ்வொரு முறை நகரும்போதும் அந்த ஒயர்க்கட்டும் வளைந்து நிமிர்கிறது. ஆண்டுக்கணக்கில் வளைந்தால் மேலுறை முழுதாயிருக்க உள்ளே செம்பு அறுந்துவிடும். கண்ணால் தெரியாது. மல்டிமீட்டரும் இவ்விடத்தில் ஏமாற்றும். ஏறத்தாழ அறுந்த ஒயரில், ஓரிரு இழை மிச்சமிருந்தாலும் அது 12 வோல்ட் காட்டும். குழாய் அடைத்திருந்தாலும் மூடியிருக்கும்வரை அதில் அழுத்தம் இருக்கும். திறந்தால்தான் சொட்டுகிறது என்பது தெரியும். அதைப்போல, சுமை கொடுத்துத்தான் சோதிக்கவேண்டும். இண்டிகேட்டருக்குப் போடும் 21 வாட் பல்பை மோட்டாரின் கனெக்டரில் இணைத்து, ஒருவரைப் பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். பல்ப் பளிச்சென்று எரிந்தால் அதுவரை வழி நன்று, சந்தேகம் மோட்டார் மேல் விழுகிறது. மங்கி எரிந்தாலோ எரியாமலிருந்தாலோ, பின்னோக்கித் தேடிச் செல்லவேண்டும். எர்த் ஒயர் பாடியில் முறுக்கப்பட்டிருக்கும் போல்ட்டை மறந்துவிடாதீர்கள். துருப்பிடித்த எர்த் எத்தனையோ நல்ல மோட்டார்களைக் குப்பைக்கு அனுப்பியிருக்கிறது.

இந்தக் காரியத்தில் மெக்கானிக்குகளைச் சோர்வடையச் செய்யும் சிக்கல் ஒன்றுண்டு. இருக்கையைத் தரையோடு பிணைக்கும் நான்கு போல்ட்களில் பின்னிரண்டும், இருக்கை முன்னே வந்தால்தான் கைக்கு எட்டும். முன்னிரண்டும், பின்னே போனால்தான் எட்டும். இருக்கையோ நகராது. அப்போது மோட்டாரின் கனெக்டரைக் கழற்றி, அதன் இரு தடித்த ஒயர்களுக்கு மட்டும், இடையில் ஒரு ஃபியூஸ் வைத்து, பாட்டரியிலிருந்து நேரே மின்சாரம் கொடுத்து நகர்த்தலாம். ஒயர்களை மாற்றிப் பிடித்தால் எதிர்ப்புறம் போகும். மோட்டார் நலமா என்பதற்கும் இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது.

நழுவும் கம்பியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சில ஐரோப்பியக் கார்களில் ஒரே மோட்டார், இடமும் வலமும் வளையும் கம்பி வழியாக இரு பக்கத்தையும் திருப்புகிறது. கம்பியின் பிளாஸ்டிக் உறை காலப்போக்கில் சுருங்கி, ஒரு பக்கக் கம்பி பற்சக்கரத்தை விட்டு வெளியே வந்துவிடும். பழைய பிஎம்டபிள்யூ கார்களில் முதுகு ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு நிற்பது இதனால்தான். சத்தம் வருகிறதே என்று பொத்தானை அழுத்திக்கொண்டேயிருந்தால், ஒரு பக்கம் மட்டும் நகர்ந்து கோணல் அதிகமாகும். நிறுத்திவிட்டுக் கம்பியைச் சரியாகப் பொருத்தினால் போதும். புதிய மோட்டார் தேவைப்படாது.

நம் சபையின் சகோதரி ஒருவர், இரவுப் பணிக்குச் செல்லும் செவிலியர், நான்கு மாதம் தலையணையோடு ஓட்டினார். இரண்டு பட்டறைகளிலும் முழு இருக்கைக்கே விலை சொன்னார்கள். மூன்றாவதாகப் பார்த்த எலக்ட்ரீஷியன் வயதானவர், வண்டியைத் தொடுமுன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “விற்றவர் எண் இருக்கிறதா அம்மா?” தொலைபேசியில் அழைத்தார்கள். விற்றவர் சற்றுத் தயங்கி, “கார்ப்பெட்டை எடுத்து வாஷ் பண்ணினோம் அண்ணா, அதற்கப்புறம்தான் வேலை செய்யவில்லை” என்றார். எலக்ட்ரீஷியன் கம்பளத்தைத் தூக்கினார். திரும்பப் போடும்போது ரெயிலுக்குக் கீழே நசுங்கிப்போன ஒயர் அங்கே இருந்தது. ஒரு மணி நேர வேலை. அந்த ஒரு வாக்கியம் விற்பனை நாளிலேயே சொல்லப்பட்டிருந்தால் நான்கு மாதத் தலையணை இல்லை.

இங்கேதான் என் கருத்தின் மறுபாதி இருக்கிறது. பழுதைத் தேடுவதில் பாதி, பழுதின் வரலாற்றை அறிவது. அந்த வரலாறு விற்பவரிடம் இருக்கிறது. விற்பவர் வாயைத் திறப்பதில்லை. தேநீர் கொட்டியதா, வண்டி தண்ணீரில் நின்றதா, யார் சீட்டைக் கழற்றினார்கள் என்பவை அவருக்கு மட்டுமே தெரிந்தவை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் வெள்ளத்தில் நின்ற கார்களை நினைத்துப் பாருங்கள். என்ஜின் மூழ்காத வண்டியிலும் தண்ணீர் முதலில் ஏறுவது கம்பளத்தில். சீட் மோட்டார்களும் கனெக்டர்களும் அந்த உயரத்தில்தான் இருக்கின்றன. கழுவி, காயவைத்து, வாசனை தெளித்தால் வெளியே தெரியாது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துச் சேற்றுக்கோடு இருக்கிறதா என்றும், ரெயில் போல்ட்களில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள். புதுப்பேட்டையில் பழைய சீட் மோட்டார் வாங்குகிறவர்களும் பாக எண் பொருந்துகிறதா என்பதோடு இதையும் பார்க்கவேண்டும்.

‘கேட்கவில்லை, சொல்லவில்லை, சட்டப்படி தவறில்லையே’ என்பார்கள். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 17ஆம் பிரிவில் மோசடியை வரையறுத்துவிட்டு, வெறும் மௌனம் பொதுவாக மோசடியாகாது என்று விளக்கம் தருகிறது. அதற்கு எடுத்துக்காட்டாக, குறையுள்ள குதிரையை ஏலத்தில் விற்றுவிட்டு வாய் திறவாதவனைக் காட்டுகிறது. அவன் செய்தது மோசடியன்று. ஆனால் அதோடு நின்றுவிடவில்லை. வாங்குகிறவள் அவனுடைய மகள், இப்போதுதான் பெரியவளானவள் என்றால், குதிரையின் குறையைச் சொல்லவேண்டிய கடமை அவனுக்கு உண்டு என்கிறது அடுத்த எடுத்துக்காட்டு. எங்கே பேசவேண்டும் என்பதை உறவு தீர்மானிக்கிறது. ஒரே சபையில் ஒருவரையொருவர் சகோதரன், சகோதரி என்று அழைக்கிறவர்கள், வண்டியை விற்கும் நேரத்தில் மட்டும் ஏலக்காரராக மாறிக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கள்ளத் தராசைப் பற்றி நாம் கேட்ட பிரசங்கங்களுக்குக் கணக்கில்லை. அவை காய்கறிக் கடைக்காரருக்கு மட்டும் சொல்லப்பட்டவை அல்ல.

வாங்குகிறவர்களுக்கு அந்தச் சட்டமே மூன்றாவது எடுத்துக்காட்டில் வழி சொல்கிறது. ‘நீ மறுக்காவிட்டால் குதிரை நல்லது என்றே எடுத்துக்கொள்வேன்’ என்று வாங்குகிறவன் சொல்ல, விற்கிறவன் பேசாதிருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். ஆகவே கேளுங்கள். “அண்ணா, சீட் எல்லாப் பக்கமும் நகர்கிறது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன், சரிதானே?” என்று முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்லும் நேரத்தில் ஒவ்வொரு பொத்தானையும் அழுத்துங்கள். வாட்ஸாப்பில் எழுதிக் கேட்டால் இன்னும் நல்லது. வீட்டில் வண்டி ஓட்டப்போகும் மிகக் குட்டையானவரையும் மிக உயரமானவரையும் கூட்டிச்சென்று உட்காரவையுங்கள்.

விற்கிறவர்கள் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எந்தப் பொத்தான் வேலை செய்யவில்லை, எப்போதிலிருந்து, அதற்கு முன் என்ன நடந்தது, கடைசியாக யார் சீட்டைக் கழற்றினார்கள், போல்ட்களை உரிய இறுக்கத்தில் திரும்பப் போட்டார்களா, ஏர்பேக் விளக்கு எப்போதாவது எரிந்ததா. விலையில் சிறிது குறையும். பதிவுச் சான்றிதழோடும் படிவங்கள் 29, 30 ஆகியவற்றோடும் சேர்த்து அந்தத் தாளையும் வாங்குகிறவர் கையில் கொடுங்கள்.